கடல் திருப்பித் தரும் உடலுக்கு ஒரு பெயர்

வெள்ளறடையிலிருந்து அம்பூரி போகும் வழியில் எங்கு பார்த்தாலும் ரப்பர்தான். அந்தத் தோட்டங்களில் பெரும்பங்கு மரங்கள் ஒரே ரகம். விவசாயிகள் அதற்குப் பெயர் சொல்வதில்லை, ‘நூத்தஞ்சு’ என்று எண்ணைத்தான் சொல்வார்கள். ‘டிஜிர் 1’, ‘ஜிஎல் 1’ என்ற இரண்டு ரகங்களைச் சேர்த்து, கோட்டயத்திலுள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி 1980-ல் வெளியிட்ட ஆர்ஆர்ஐஐ 105 அது. விதை போட்டு அதை வளர்ப்பதில்லை. மரத்திலிருந்து மொட்டைப் பெயர்த்து, நாற்றின் பட்டையைக் கீறி உள்ளே வைத்து ஒட்டுக் கட்டுகிறார்கள். ஒட்டுக்கு மேலே எழும் தண்டும் கிளையும் இலையும் அந்த ஒற்றைத் தாய்மரத்தின் தொடர்ச்சி. ஆகவே வெள்ளறடையில் பால் வெட்டும் மரத்துக்கும் குலசேகரத்தில் பால் வெட்டும் மரத்துக்கும் டிஎன்ஏ ஒன்றே. ஓர் இலையைக் கொடுத்து, இது யார் தோட்டத்து மரம் என்று கேட்டால் எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாது.

மனிதர்கள் ஒட்டுக் கட்டி வந்தவர்கள் அல்ல. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரை விட்டுவிட்டால், உலகில் எந்த இரண்டு பேருக்கும் டிஎன்ஏ முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி என்று வருவதால், ஒருவர் யாருடைய பிள்ளை என்பதும் அதிலேயே பதிந்திருக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற கேரள-தமிழக எல்லை ஊர்களில் இந்த உண்மை பள்ளிப் பாடத்தோடு நின்றுவிடவில்லை. 2017 டிசம்பரில் அது பிணவறை வாசல் வரை வந்தது.

அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலைக் கலக்கிக்கொண்டு போனது. புயல் என்ற அறிவிப்பு வந்த நேரத்தில் தூத்தூர் வட்டாரத்து விசைப்படகுகள் பல கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்தன. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை ஆகிய எட்டு ஊர்களும் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவை. நீரோடியை அடுத்த ஊர் பொழியூர். அது நெய்யாற்றின்கரை தாலுகா, கேரளம். நடுவில் இருப்பது மணல்வெளி மட்டும்தான்.

போனவர்களைத் தேடச் சொல்லி அந்த டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் நடந்தே சென்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கடல் சிலரைத் திருப்பித் தந்தது, வெகு நாள் கழித்து, வெகு தூரத்தில். உடல்கள் கேரளக் கரை நெடுகிலும் மீட்கப்பட்டுத் திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு பிணவறைகளில் வைக்கப்பட்டன. முகம் பார்த்துச் சொல்லும் நிலையில் அவற்றில் பல இல்லை. உப்புநீரில் ஊறிய விரல்களின் தோல் கழன்றுபோவதால் கைரேகையும் எளிதில் எடுக்க முடியாது. சட்டையையோ கழுத்தில் கிடக்கும் உத்தரியத்தையோ வைத்து ஆளைச் சொல்வது ஆபத்து. தவறான வீட்டுக்கு ஓர் உடல் போனால், இரண்டு வீட்டுத் துக்கம் கெட்டுப்போகும்.

திருவனந்தபுரத்திலுள்ள ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம்தான் அப்போது கைகொடுத்தது. உறவினர்களின் மாதிரியையும் உடல்களின் மாதிரியையும் ஒப்பிட்டு அந்த மையம் பெயர்களை மீட்டுத் தந்தது. மலையாளம் பேசும் வீட்டுக்கும் தமிழ் பேசும் வீட்டுக்கும் அதே சோதனை, அதே மேசை. பாறசாலையிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில் இப்படி ஓர் ஆய்வகம் இருந்தது இந்த எல்லைப்பகுதி மக்களுக்குக் கிடைத்த பெரும் பேறு.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அப்படி நடக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் குளச்சலில் நூற்றுக்கணக்கானோரைப் பொதுக்குழியில் அடக்கம் செய்ய நேர்ந்தது. அதே பேரலையில் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பாலோருக்கு மாதங்கள் கழித்தும் பெயர் திரும்பக் கிடைத்தது. அவரவர் ஊரின் பல் மருத்துவர் வைத்திருந்த பதிவுகளைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்தார்கள். குளச்சல் மீனவருக்கு எந்தப் பல் மருத்துவரிடம் பதிவு இருக்கும்? பதிவேடுகளே இல்லாமல் வாழ்ந்து முடிப்பவர்களுக்குத்தான் டிஎன்ஏ மிகவும் தேவைப்படுகிறது. அது பிறக்கும்போதே உடலோடு வரும் பதிவேடு, அதை எழுத எந்த அலுவலகமும் வேண்டியதில்லை.

அந்தப் பதிவேடு எதனால் ஆனது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிஎன்ஏவின் உருவத்தை முறுக்கிய நூலேணி என்று சொல்லலாம். இரண்டு பக்கத்து இழைகளும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்தவை. நடுவிலுள்ள படிகள் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கு வேதிப்பொருள்களால் ஆனவை. அடினின் எப்போதும் தைமினோடுதான் சேரும், குவானின் சைட்டோசினோடு. இந்த ஒரு விதிதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். ஓர் இழையைப் பிரித்தெடுத்தால், எதிர் இழை எப்படி இருந்திருக்கும் என்று எழுத்துப் பிசகாமல் மறுபடி கட்டிவிடலாம். செல் பிரியும்போது உடலுக்குள் நடப்பது அதுவே. பிணவறையிலிருந்து வந்த துணுக்கை ஆய்வகத்தில் கோடிக்கணக்கில் நகல் எடுப்பதும் அதே விதியைக் கொண்டுதான்.

இந்த உருவத்தை வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அதற்கு அடித்தளமான எக்ஸ்ரே படத்தை முந்தைய ஆண்டு மே மாதம் லண்டனில் எடுத்தவர்கள் ரோசலிண்ட் பிராங்க்ளினும் அவருடைய மாணவர் கோஸ்லிங்கும். பிராங்க்ளினுக்குத் தெரியாமலேயே அந்தப் படம் வாட்சன் கண்ணில் பட்டது. நோபல் பரிசு 1962-ல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. பெயர் விடுபட்டவர்களைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் போவது சரியாகாது.

மனித செல் ஒன்றிலுள்ள டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம், அகலமோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்த ஒரு தொகுதியில் சுமார் 310 கோடி படிகள். அவற்றில் புரதம் செய்யச் சொல்லும் பகுதி இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படும் அந்தக் கட்டளை பாக்டீரியாவுக்கும் ரப்பருக்கும் சுறாவுக்கும் மனிதனுக்கும் பொது. நெய்யாற்றின்கரை மருந்துக் கடையில் விற்கும் மனித இன்சுலினே இதற்குச் சாட்சி. மனித இன்சுலினுக்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்தால், அது தன் வேலையைப் போலவே அந்த வேலையையும் செய்து இன்சுலினைத் தருகிறது. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோரின் அன்றாடம்.

ஆளை அடையாளம் காண உதவுவது அந்த இரண்டு சதவீதம் அல்ல. எஞ்சிய பெரும்பரப்பில் சில இடங்களில் நான்கெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். பதினொன்றாம் குரோமோசோமில் அப்படி ஓரிடம் உண்டு. அங்கே ஒருவருக்கு அது ஆறு முறை வரும், இன்னொருவருக்கு ஒன்பது முறை. தாய்வழி ஓர் எண்ணிக்கை, தகப்பன்வழி ஓர் எண்ணிக்கை என்று ஓரிடத்துக்கு இரண்டு எண்கள். இப்படி இருபது இடங்களை அளந்தால் கிடைக்கும் எண்வரிசை இன்னொரு ஆளுக்குத் தற்செயலாக ஒத்துப்போக நடைமுறையில் வாய்ப்பில்லை. நோய், நிறம், அறிவு எதையும் இந்த எண்கள் சொல்வதில்லை. சாதியையும் சொல்வதில்லை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிஎன்ஏ என்ற பேச்சு எழும்போதெல்லாம் ரத்தத் தூய்மை, வம்சப் பெருமை என்று கதை கட்டுபவர்கள் இரு மாநிலத்திலும் இருக்கிறார்கள். இந்தச் சோதனை கேட்பது இவர் இந்தத் தாயின் பிள்ளையா என்ற ஒற்றைக் கேள்வியைத்தான்.

திரும்பத் திரும்ப வரும் துண்டுகளைக் கொண்டு ஆளை அறியும் வித்தையை இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அலெக் ஜெப்ரிஸ் கண்டது 1984-ல். இந்தியா அதற்காக வெகு காலம் காத்திருக்கவில்லை. ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் தம் வழியிலேயே ஒரு முறையை உருவாக்கினார். அதற்கு மூலம், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கட்டுவிரியன் இனத்துப் பாம்பு. அதன் டிஎன்ஏவில் அவர் கண்ட, திரும்பத் திரும்ப வரும் துண்டு மனிதர்களிடமும் இருந்தது. ஆளுக்கு ஆள் வேறுபட்டும் இருந்தது. அந்த முறை முதன்முதலில் இந்திய நீதிமன்றப் படியேறியது கேரளத்தில்தான். 1989-ல் தலச்சேரி நீதிமன்றம் ஒரு குழந்தையின் தகப்பன் யார் என்ற வழக்கில் சோதனைக்கு உத்தரவிட்டது. மறுத்துக்கொண்டிருந்த ஆணே தகப்பன் என்று ஐதராபாத் முடிவு சொன்னது. கேரள உயர் நீதிமன்றமும் 1991-ல் அந்தச் சான்றை ஏற்றது. கைவிடப்பட்ட ஒரு தாய் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தான் இந்தியாவில் இந்த அறிவியல் தன் பொதுவாழ்வைத் தொடங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது. குற்றவாளியைப் பிடிக்கும் கருவி என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது.

கடலில் கிடந்த உடலுக்கு வருவோம். இறந்தபின் உடலின் நொதிகளும் பாக்டீரியாக்களும் இழைகளை அறுக்கத் தொடங்குகின்றன. நீரும் வெப்பமும் அதை விரைவுபடுத்துகின்றன. நம் கடலின் வெதுவெதுப்பில் தசையை நம்ப முடியாது. அப்போது தொடை எலும்பையும் கடைவாய்ப் பல்லையும்தான் தேடுகிறார்கள். எலும்பின் கட்டுமானத்தில் கொலாஜன் என்ற புரத இழைகளும் அவற்றைச் சுற்றிக் கால்சியம் உப்பும் இறுகிக் கிடக்கின்றன. அந்த இறுக்கத்துக்குள் சிக்கிய செல்களில் டிஎன்ஏ நெடுநாள் தாக்குப்பிடிக்கும். அந்தக் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவம் என்று 1954, 55-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டு சொன்னவர் எர்ணாகுளத்தில் பிறந்த தமிழர் கோ. நா. இராமச்சந்திரன். டிஎன்ஏவின் ஈரிழை வெளியான மறு ஆண்டே, ஒரு பெரிய ஆய்வகத்தின் வசதிகள் இல்லாமல், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வாங்கிய கங்காரு வால் தசைநாணை வைத்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் அதைச் செய்தார்கள். அவர் பெயர் இந்த எல்லைப் பள்ளிகளின் சுவரில் எழுதப்பட வேண்டிய பெயர்.

எலும்பும் கைவிட்டால் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் அந்தச் சிற்றுறுப்புக்கு 16,569 படிகள் கொண்ட தனி டிஎன்ஏ வளையம் உண்டு. ஒரு செல்லில் அது நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருப்பதால் ஏதாவது ஒன்று தப்பிப் பிழைக்கும். அது தாயிடமிருந்து மட்டுமே வரும். அம்மா, அம்மாவைப் பெற்ற பாட்டி, அம்மாவின் உடன்பிறந்தவர்கள் யார் மாதிரி கொடுத்தாலும் பொருந்தும். வியட்நாம் போரில் இறந்து, வாஷிங்டன் அருகே பெயர் தெரியாத வீரருக்கான கல்லறையில் 1984-ல் அடக்கமான ஒருவரை 1998-ல் தோண்டி எடுத்து, அவர் மைக்கேல் பிளாசி என்ற விமானி என்று சொன்னது இந்தச் சிறு வளையம்தான். பெயர் தெரிந்ததும் அவரைச் சொந்த ஊரான செயின்ட் லூயிஸ் பக்கம் கொண்டுபோய் அடக்கினார்கள்.

இத்தனை இருந்தும் தூத்தூர், பொழியூர் போன்ற கரைகளில் இந்தச் சோதனைக்கு ஒரு தனித்த சிக்கல் உண்டு. அதை அதிகாரிகள் சரியாக உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஊர்களில் படகு என்பது பல நேரம் ஒரு குடும்பம். தகப்பன், மகன்கள், மைத்துனர், சித்தப்பா மகன் என்று ஒரே படகில் போவது உண்டு. படகு மூழ்கினால் ஒப்பிட வேண்டிய உறவுகளே ஒட்டுமொத்தமாகப் போய்விடுகின்றன. கரையில் இருப்பது ஒரு தாய் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். கரையொதுங்கிய உடல் அவர் மகனுடையது என்று அவர் ரத்தம் சொல்லிவிடும். எந்த மகன் என்று சொல்லாது. அண்ணன் தம்பிக்கு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒன்றே, தகப்பன்வழி ஒய் குரோமோசோமும் ஒன்றே. இருபது இடத்து எண்வரிசை அவர்களுக்குள் வேறுபடும், ஆனால் எந்த வரிசை யாருடையது என்று சொல்ல, உயிரோடு இருந்தபோது அவரவரிடமிருந்து எடுத்த ஏதாவது வேண்டும். பல்துலக்கி, சவரக்கத்தி, சீப்பு என்று தேடுவார்கள். அவற்றையும் அவர்கள் படகுக்கே கொண்டுபோயிருப்பார்கள். தவிர, தலைமுறை தலைமுறையாகப் பக்கத்து ஊர்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த கரைகளில் பலருக்கும் பொதுவான எண்கள் அதிகம் இருக்கும். அங்கே கூடுதல் இடங்களை அளந்தாக வேண்டும். படகில் கூலிக்கு வரும் அசாம், ஒடிசா இளைஞர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுடைய தாயின் மாதிரிக்கு யார் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போவது?

இதற்கு வழி கடினமானதல்ல. வேதிப்பொருள் ஊட்டிய சிறு தாள் அட்டை ஒன்றில் விரல்நுனி ரத்தம் ஒரு சொட்டு, அல்லது கன்னத்தின் உட்புறம் ஒற்றிய ஈரம். காயவைத்து, ஈரம் புகாத உறையில் போட்டு ஒட்டிவிட்டால் குளிர்பெட்டி இல்லாமலேயே ஆண்டுக்கணக்கில் டிஎன்ஏ கெடாமல் இருக்கும். அமெரிக்க ராணுவம் தன் வீரர் ஒவ்வொருவருக்கும் இப்படி ரத்த அட்டை எடுத்து வைக்கிறது. ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இந்த அட்டையை எடுத்து, முத்திரையிட்டு, மீனவரின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். அட்டை வீட்டில் இருக்கட்டும். ரேஷன் அட்டையும் ஞானஸ்நானச் சீட்டும் இருக்கிற அதே பெட்டியில் இருக்கட்டும். அரசின் கணினியில் எந்த எண்வரிசையும் ஏற வேண்டியதில்லை. ஆள் திரும்பாத நாளில் குடும்பம் உறையை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும், அன்றுதான் அது திறக்கப்படும்.

அரசே எல்லோருடைய மாதிரியையும் வாங்கி ஒரே வங்கியில் வைத்தால் எளிதல்லவா என்று கேட்கலாம். எளிதுதான், ஆனால் நம்பிக்கைக்கு இடமில்லை. 2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், கைதானவர்களின் உயிரியல் மாதிரி உள்ளிட்ட விவரங்களை 75 ஆண்டு வைத்திருக்க வழி செய்திருக்கிறது. உறவுவழித் தேடல் என்ற முறையில் ஒருவரின் எண்வரிசை அவருடைய அண்ணன் தம்பிகளையும் காட்டிக்கொடுக்கும். துறைமுகம், சுரங்கம், அணுஉலை என்று எதற்காவது எதிராகப் போராடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் ஒரு கடற்கரையின் மொத்த மக்களுடைய டிஎன்ஏவும் காவல்துறை எட்டும் தூரத்தில் இருப்பதை எந்த மீனவக் குடும்பமும் ஏற்காது. ஏற்கவும் கூடாது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்பைக் காரணம் காட்டி மீனவர்களின் கைரேகை வாங்கி அடையாள அட்டை கொடுத்தார்கள். செத்தபின் அந்தக் கைரேகையால் அவர்களுக்கு என்ன பயன் கிடைத்தது? அடையாளம் தெரியாத உடல்களின் ரேகையை ஆதார் தரவோடு ஒப்பிட்டுச் சொல்வது தொழில்நுட்பரீதியாக இயலாது என்று ஆதார் ஆணையமே 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

இழப்பீட்டுக்காக அட்டையை மாற்றிவைத்து ஏமாற்றுவார்களே என்று இன்னொரு கேள்வி எழும். முத்திரையிட்ட உறையிலுள்ள மாதிரியைத் தாயோ மகளோ கொடுக்கும் மாதிரியோடு ஒப்பிட்டால் பொய் அங்கேயே உடைந்துவிடும். அட்டை இல்லாததால் நடக்கும் அநியாயம் இதைவிடப் பெரியது. உடலும் கிடைக்காமல், பெயரும் உறுதியாகாமல் போனால், சாட்சியச் சட்டம் ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. அதுவரை மரணச் சான்று இல்லை, வங்கிக் கணக்கு திறக்காது, வீட்டுப் பத்திரம் மாறாது. ஒக்கியில் காணாமல்போனவர்களின் குடும்பங்களுக்கு இரு மாநில அரசுகளும் ஏழாண்டு காக்காமல் 20 லட்ச ரூபாய் கொடுத்தது நல்ல முன்மாதிரி. ஆனால் அது ரயில் மறித்த பிறகு, ஊரே திரண்ட பிறகு வந்த விதிவிலக்கு. ஒற்றைப் படகு மூழ்கும் சாதாரண நாளில் அந்த விதிவிலக்கு யாருக்குக் கிடைக்கும்?

சட்டத்தின் கதை வருத்தம் தருவது. அடையாளம் தெரியாத உடல்களுக்கு டிஎன்ஏ சோதனை வேண்டும் என்று லோக்நீதி அறக்கட்டளை உச்ச நீதிமன்றம் போனது. மசோதா வருகிறது என்று மத்திய அரசு 2018-ல் சொல்ல, வழக்கு முடிந்தது. டிஎன்ஏ தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் நிறைவேறாமலே காலாவதியானது. அதே ஆண்டு ஜூலையில் மறுபடி வந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2021 பிப்ரவரியில் தன் அறிக்கையைக் கொடுத்தது. 2023 ஜூலையில் அரசு மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்த மசோதாவின் அடிப்படைப் பிழை, ஐந்து பட்டியல்களை ஒரே வங்கிக்குள் வைத்ததுதான். குற்றம் நடந்த இடம், சந்தேகத்துக்குரியவர்கள், தண்டிக்கப்பட்டவர்கள் என்ற மூன்று பட்டியல்களுக்குப் பக்கத்திலேயே காணாமல்போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத உடல்களுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மகனைத் தேடி ரத்தம் கொடுக்கும் தாயையும் திருட்டு வழக்கில் பிடிபட்டவரையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்திய ஏற்பாடு அது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் ஒக்கிக்கு மூன்று மாதம் முன்புதான், 2017 ஆகஸ்டில், தீர்ப்பளித்திருந்தது. ஆகவே மூன்று பட்டியல்களின் மீது எழுந்த நியாயமான எதிர்ப்பு மற்ற இரண்டையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போய்விட்டது.

வேறு நாடுகள் பிரித்துச் செய்திருக்கின்றன. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி கடத்திக்கொண்டுபோன குழந்தைகளைத் தேடிய பாட்டிகள், பெற்றோர் கொல்லப்பட்டிருந்தாலும் பாட்டியின் ரத்தத்தைக் கொண்டே பேரக்குழந்தையைச் சொல்ல முடியுமா என்று அறிவியலாளர்களிடம் போய்க் கேட்டார்கள். மேரி கிளேர் கிங் போன்றவர்கள் முடியும் என்று காட்டினார்கள். 1987-ல் அதற்காகவே அங்கே தேசிய மரபணுத் தரவு வங்கி சட்டப்படி உருவானது. இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரக்குழந்தைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995-ல் கொல்லப்பட்ட ஏறக்குறைய எட்டாயிரம் பேரில் ஏழாயிரம் பேர் அளவுக்குப் பெயர் திரும்பியது உறவினர்கள் நம்பிக் கொடுத்த ரத்தத்தால். யாழ்ப்பாணம் செம்மணியில் 2025-ல் மண்ணுக்கடியிலிருந்து வந்த எலும்புகளுக்கு முன்னால் நிற்கும் தாய்மாருக்கும் இவர் என் பிள்ளையா என்ற அதே கேள்விதான்.

மலைப்பக்கத்துக்கும் இது அன்னியமல்ல. வெள்ளறடையை அடுத்த அம்பூரியில் 2001 நவம்பர் 9 இரவு மலை சரிந்து ஒரே நொடியில் குடும்பங்கள் புதைந்தன. வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மீது மலை சரிந்தபோது உடல்களும் உடற்பாகங்களும் சாலியாற்றில் மிதந்து நிலம்பூர் வரை போயின. புத்துமலையில் எண் எழுதிய கல் நட்டு அடக்கம் செய்தார்கள். டிஎன்ஏ முடிவு வர வர, எண் இருந்த இடத்தில் பெயர் வந்தது. எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதுதான் அந்தக் குடும்பங்களுக்கு எல்லாம். ஆண்டுதோறும் தவக்காலத்தில் வெள்ளறடை தெற்குக் குரிசுமலையில் இரு மாநிலத்து மக்களும் திரளுகிறார்கள். கூட்டம் கூடும் மலை, மழை கொட்டும் மலை. ஆபத்துக்கு முன்னால் ஆயத்தமாக இருக்க வேண்டியது அரசின் வேலை.

தேவைப்படுவது ஒரு சிறிய சட்டம். காணாமல்போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத உடல்களுக்கும் மட்டுமானது. காவல்துறைக்கு அதில் கைவைக்க வழி இருக்கக் கூடாது. உறவினர் மாதிரி விருப்பத்தின் பேரில் மட்டும் வாங்கப்பட வேண்டும், பெயர் உறுதியானதும் அழிக்கப்பட வேண்டும். ஒப்பிடும்போது குடும்பத்துக்கே தெரியாத உறவு ரகசியம் வெளிப்படுவது உண்டு. ஆய்வகம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி, மற்றதை வாய்திறக்காமல் மூடிவைக்கச் சட்டம் கட்டளையிட வேண்டும். எல்லை தாண்டிக் கிடைக்கும் உடலுக்கு எந்த மாநிலம் செலவு செய்வது, எந்த ஆய்வகம் சோதிப்பது என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

டெல்லி சட்டம் செய்யும் வரை அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். அதைத் திருவனந்தபுரமும் சென்னையும் தங்கள் மீன்வளத் துறைகள் வழியாக அடுத்த பருவத்துக்குள் தொடங்கலாம். நீரோடியிலும் பொழியூரிலும் ஒரே நாளில் தொடங்கலாம். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அடங்கிய திருவனந்தபுரம் தொகுதியும் பக்கத்துக் கன்னியாகுமரி தொகுதியும் ஆளுக்கொரு உறுப்பினரை மக்களவைக்கு அனுப்புகின்றன. அந்த இருவரும் சேர்ந்து இந்தச் சட்டத்தைக் கேட்டு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவர வேண்டும். இந்த ஊர்களில் வாக்கு வைத்திருக்கும் வாசகர்கள், அடுத்த முறை அவர்கள் உங்கள் தெருவுக்கு வரும்போது இதைக் கேளுங்கள்.